மறைத்த நோயும் மாறிய வைத்தியமும்

காங்கேசன்துறை என்னும் பெயருக்கு மூலமாய் அமைந்த கதை, ஒரு பெண்ணின் நோயைப் பற்றியது. குதிரைமுகம் உண்டாகி வருந்திய மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ அரசகுமாரி கடல் கடந்து வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குணம் பெற்றாள். நன்றியறிதலாக மாவிட்டபுரத்திற் கந்தசுவாமிக்குக் கோயில் எடுப்பித்தாள். காங்கேயன் என்னும் பெயருடைய அப்பெருமானின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை ஆயிற்று என்பது ஐதிகம். இதனைச் சரித்திரமாகக் கொள்வாரும் உளர். வெறுங் கதையெனத் தள்ளுவாரும் உளர். நமக்கு அதில் வேண்டுவது ஒன்றே. அவள் தன் நோயை அந்தப்புரத்துள் மறைத்து வைக்கவில்லை. நாலுபேர் காண வெளியே வந்தாள், மருந்து இருக்கும் இடத்தை நாடினாள், பிழைத்தாள்.

அத்துறையைச் சூழ்ந்த ஊர்களில் இன்று வாழும் நம் தாய்மாரிடத்தும் சகோதரிகளிடத்தும் இத்துணிவு உண்டோ என்று கேட்டால், உண்டு என்று விடைகூற நா எழவில்லை. மார்பில் நோவில்லாத சிறு கட்டி ஒன்று தென்படுகின்றது. மகளின் கலியாணம் முடியட்டும், மகனின் சோதனை முடியட்டும் என்று தாய் அதனைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கின்றாள். பின்பு வைத்தியரிடம் செல்லும்போதும், "உங்கள் குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இந்நோய் இருந்ததா?" என்ற வினாவுக்கு, "இல்லை" என்பதே விடை. சின்னம்மா எதனால் இறந்தார் என்பதை வீட்டார் அறிவர். ஆனால் அது "வயிற்றுக் கோளாறு" என்று ஊருக்குச் சொல்லப்பட்டு, காலப்போக்கில் வீட்டுக்கும் அதுவே உண்மையாகிவிட்டது.

இவ்வாறு மறைப்பதனால் வரும் கேடு முன்னரும் பெரிதே. இன்று அது இன்னும் பெரிதாயிற்று. ஏனெனில், மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு வைத்திய முறையின் வரிசையே மாறிவிட்டது. முதலிற் கத்தி, பின்னர் மருந்து என்றிருந்தது, முதலில் மருந்து, பின்னர் கத்தி என்றாயிற்று. அம்மருந்துகளுள் ஒன்று, உடம்பின் சொந்தக் காவற்படையையே நோயின்மேல் ஏவுவது. பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயிற் கணிசமான ஒரு பங்கு இவ்வகையைச் சார்ந்தது. ஆகவே கத்தி எடுக்குமுன்னரே நோயின் வகை யாது, அது குலவழி வந்ததா என்னும் இரண்டையும் அறிதல் வேண்டும். மறைத்தவர்க்கு அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

குலவழி வருவது யாது என்பதை முதலில் நோக்குவோம்.

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துள்ளும் டி.என்.ஏ. என்னும் நூல் ஒன்று எழுதப்பட்டுள்ளது. அதன் எழுத்துக்கள் நான்கே. வெயிலாலும், நச்சுப் பொருளாலும், கலம் பிரியும்போது நேரும் தவறுகளாலும் அந்நூலின் ஏடுகள் நாள்தோறும் முறிகின்றன. முறிந்த ஏட்டை ஒட்டுவதற்கென்று உடம்பில் ஏற்பாடு உண்டு. அதில் தலையாய தொழில் செய்வன பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்னும் இரு பரம்பரையலகுகள். முன்னது 17ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளதென 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளெயர் கிங் காட்டினார். 1994இல் அது பிரித்தறியப்பட்டது. பின்னது 13ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது, 1995இற் கண்டறியப்பட்டது.

இவற்றின் தொழிலை யாழ்ப்பாணத்து மாணவர்க்கு விளக்குதல் எளிது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887இற் பதிப்பித்தபோது என் செய்தார்? செல்லரித்து வரி சிதைந்த ஏட்டை வைத்துக்கொண்டு, தம் மனம்போனபடி இடத்தை நிரப்பினாரல்லர். வேறு பிரதிகளைத் தேடி, அவற்றோடு ஒப்புநோக்கி, மெய்யான பாடத்தை மீட்டார். பி.ஆர்.சி.ஏ. செய்யும் வேலையும் இதுவே. ஏடு முறிந்த இடத்தில், பழுதுபடாத மற்றைப் பிரதியைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் திருத்துவதற்கு அது துணைசெய்கின்றது. அது பழுதுற்றால், கலமானது முறிந்த இரு முனைகளையும் கண்டபடி ஒட்டுகின்றது. பிழைமேற் பிழை சேர்கின்றது. அப்பிழைகளுட் சில, கலத்தை அடக்கமின்றிப் பெருகச் செய்யும்போது புற்றுநோய் தோன்றுகின்றது.

இப்பரம்பரையலகுகள் நமக்கு இவ்விரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றையது தந்தை தந்தது. பெற்றோருள் ஒருவரிடம் பழுதுற்ற பிரதி ஒன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். "இது பெண்களின் நோய், ஆகவே தாய்வழியை மட்டும் பார்த்தாற் போதும்" என்று பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. தந்தை நோயின்றியே இருந்து, தம் தாயிடமிருந்து பெற்ற பழுதைத் தம் மகளுக்குக் கொடுத்தல் கூடும். அப்பாவின் அக்காவுக்கும் தங்கைக்கும் வந்த நோய், அம்மாவின் சகோதரிகளுக்கு வந்த நோயைப் போலவே கணக்கில் எடுக்கப்படவேண்டும். ஆண்களுக்கும் இப்பழுதினால் மார்பகப் புற்றுநோயும், சுக்கிலச் சுரப்பிப் புற்றுநோயும் வருவதுண்டு.

அஞ்சி நடுங்குவதற்கும் இதில் இடமில்லை. மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவரில் 5 முதல் 10 பேரளவினர்க்கே நோய் பரம்பரையாக வருகின்றது. ஆனால் அச்சிலரிடத்து அதன் வலிமை பெரிது. பழுதுற்ற பி.ஆர்.சி.ஏ. உடைய பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து நோக்கி 2017இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் நூற்றுக்கு 70 பேரளவில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயை அடைவர் என்று கணித்தது. சூலகப் புற்றுநோய், பி.ஆர்.சி.ஏ.-1 பழுதுற்றோரில் நூற்றுக்கு 44 பேருக்கும், பி.ஆர்.சி.ஏ.-2 பழுதுற்றோரில் 17 பேருக்கும் வரக்கூடும். நோயும் இளவயதிலேயே தோன்றும்.

"இவையெல்லாம் மேல்நாட்டார் விஷயம்" என்று ஒதுக்குவார்க்கு ஒரு செய்தி. பி.ஆர்.சி.ஏ.-1 இன் தொடக்கத்தில் இரண்டே எழுத்துக்கள் விடுபட்டுப்போன ஒரு விகாரம் உண்டு. ஐரோப்பிய யூதரிடையே அது பரவலாகக் காணப்படுவதென்பது நெடுநாளாகத் தெரிந்தது. சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்து ஆய்வாளர், தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்விலும், அதே இரண்டெழுத்து விடுபாடு காணப்பட்டது. இலங்கைப் பெண்களின் பி.ஆர்.சி.ஏ.-1 பற்றிக் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஏடெழுதுவோன் இரண்டெழுத்தை விட்டுவிட்டால், அதன்பின் வரும் சொற்களெல்லாம் பிரிவு தவறிப் பொருளற்றுப் போகும் அல்லவா? அவ்வாறே அந்தப் பரம்பரையலகும் பயனற்றுப் போகின்றது.

இனி, உடம்பின் காவற்படைக்கு வருவோம்.

மார்பகப் புற்றுநோய்க் கலங்களிற் பெரும்பாலானவை தம்மேல் ஓமோன்களுக்குரிய வாங்கிகள் இரண்டையோ, ஹேர்-2 என்னும் புரதத்தையோ கொண்டிருக்கும். அவற்றைப் பற்றிக்கொண்டு தாக்கும் மருந்துகள் உள்ளன. இம்மூன்றும் இல்லாத வகை ஒன்று உண்டு. பற்றுதற்குப் பிடி இல்லாமையால் அது வைத்தியர்க்கு நெடுங்காலம் பெருந்தலைவலியாக இருந்தது. பி.ஆர்.சி.ஏ.-1 பழுதினால் வரும் மார்பகப் புற்றுநோய்களுட் பெரும்பான்மையானவை இம்மூன்றும் இல்லா வகையே.

நம் இரத்தத்திலுள்ள வெண்குழியங்களுள் ரி-நிணநீர்க்குழியம் என்பது ஊர்காவற்காரன் போன்றது. பிழை மலிந்த புற்றுக்கலம் விகாரமான புரதங்களை வெளிக்காட்டுவதால், அதனை அந்நியன் என்று இக்காவற்காரன் கண்டுகொள்ளல் கூடும். ஆனால் புற்றுக்கலம் சூதுடையது. காவற்காரனிடத்து பி.டி.-1 என்னும் ஒரு தடை உண்டு. நம் சொந்த இழையங்களை அவன் தாக்காதிருத்தற்பொருட்டு அமைந்தது அது. புற்றுக்கலம் அத்தடையைத் தொட்டு, "நான் இவ்வூரவன்" என்று போலி அடையாள அட்டையைக் காட்டித் தப்பிக்கொள்கின்றது. இவ்வமைப்புக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரும் சோதனைச் சாவடி என்பதே. சோதனைச் சாவடி எத்தகையது என்று வடபகுதி மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பி.டி.-1 ஐ ஜப்பானியப் பேராசிரியர் தசுக்கு ஹொஞ்ஜோவின் ஆய்வுகூடத்தார் 1992இற் கண்டறிந்தனர். இத்தகைய மற்றொரு தடையை நீக்கிப் புற்றுநோயை அடக்கலாம் என அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் அலிசன் காட்டினார். இருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து பி.டி.-1 ஐ மூடி மறைக்கும் ஒரு பிறபொருளெதிரி. போலி அட்டை இனிச் செல்லாது. காவற்காரன் தன் கடமையைச் செய்வான்.

இம்மருந்தைக் கட்டி அகற்றப்பட்ட பின்னர் கொடுத்தலாகாதா, முன்னர் கொடுப்பதேன் என்று மாணவர் வினவலாம். நல்ல வினா. கள்வனைப் பிடிக்கும் காவற்காரனுக்குக் கள்வனின் முகம் தெரிந்திருத்தல் வேண்டும். கட்டி உடம்பில் இருக்கும்போது அதன் விகாரப் புரதங்கள் மலிந்து கிடக்கின்றன. அருகேயுள்ள நிணநீர்க் கணுக்களும் அறுபடாமல் இருக்கின்றன. அவையே ரி-நிணநீர்க்குழியங்களின் பள்ளிக்கூடம். அங்கே பயின்றவை, கண்ணுக்குத் தெரியாமல் உடம்பெங்கும் சிதறிய புற்றுக்கலங்களையும் தேடிச் செல்லும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. இன்னுமொரு பயனும் உண்டு. கட்டி கரைகின்றதா இல்லையா என்பது கண்கூடாகத் தெரியும். சத்திரசிகிச்சையின்பின் மேற்கொள்ளவேண்டிய வைத்தியத்தை அதற்கேற்ப அமைக்கலாம்.

பயன் யாது? இம்மூன்றும் இல்லா வகையில், கட்டி ஓரளவு பெருத்தோ நிணநீர்க் கணுக்களிற் பரவியோ இருந்த 1,174 நோயாளரைக் கொண்டு பல நாடுகளில் ஆய்வொன்று நடைபெற்றது. ஒரு சாரார்க்கு வழக்கமான இரசாயன மருந்துகளோடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. மறு சாரார்க்கு இரசாயன மருந்துகள் மாத்திரம். 2020இல் வெளியான முதற் பெறுபேற்றில், சத்திரசிகிச்சை செய்து பார்த்தபோது மார்பிலும் கணுக்களிலும் புற்று எச்சமின்றி மறைந்திருந்தவர், முதற் சாராருள் நூற்றுக்கு 65 பேரளவினர். மறு சாராருள் 51 பேரளவினர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் 2021இல் இம்முறைக்கு அங்கீகாரம் அளித்தது. 2024இல் வெளியான கணக்கின்படி, ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர் முதற் சாராருள் நூற்றுக்கு 86.6, மறு சாராருள் 81.7. நூறு குடும்பங்களுள் ஐந்து குடும்பங்களில் தாய் எஞ்சியிருக்கின்றாள் என்பது இவ்வெண்களின் பொருள்.

இம்மருந்து பி.ஆர்.சி.ஏ. பழுதுற்றோர்க்கு மட்டும் உரியதன்று. இவ்வகை நோய் உடைய பிறர்க்கும் பயன்படுகின்றது. ஆயின் பழுது உண்டென்று முன்னரே தெரிந்தவர்க்கு வேறு கதவுகளும் திறக்கின்றன. மார்பின் ஒரு பகுதியை மாத்திரம் அகற்றுவதா, முழுவதையும் அகற்றுவதா, மறு மார்பை என் செய்வது, சூலகங்களை எப்பொழுது அகற்றுவது என்பவற்றை அவர் ஆராய்ந்து துணியலாம். பி.ஆர்.சி.ஏ. பழுதுற்ற கலங்களையே குறிவைக்கும் ஒலாபரிப் என்னும் மாத்திரை, மீண்டும் நோய் வரும் அபாயம் மிகுந்தோர்க்குச் சத்திரசிகிச்சையின் பின் ஓராண்டு கொடுக்கப்பட்டுப் பயன் தந்தமை 2021இல் நிறுவப்பட்டது. அம்மாத்திரையையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கொடுத்துப் பார்த்த இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள் 2025இல் தம் பெறுபேற்றை வெளியிட்டனர். அம்மாத்திரை பெற்ற 39 பேரும் மூன்றாண்டு கடந்து உயிருடன் இருந்தனர். தொகை சிறிது, ஆகவே அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் நம்பிக்கை தருவது.

ஒரு பக்கத்தை மாத்திரம் கூறி மறுபக்கத்தை மறைத்தல், நாம் மேலே கண்டித்த பிழையையே நாமும் செய்தலாகும். தடை நீங்கிய காவற்காரன் சிலவேளை வீட்டாரையும் அடித்துவிடுகின்றான். தைரொயிட் சுரப்பி, அதிரீனற் சுரப்பி, குடல், ஈரல், நுரையீரல் என்பன தாக்கப்படலாம். அரிதாக நீரிழிவும் உண்டாகலாம். மேற்சொன்ன ஆய்வில் நூற்றுக்கு 13 பேரளவினர்க்கு இத்தகைய கடுமையான விளைவுகள் நேர்ந்தன. சில விளைவுகள் ஆயுட்காலம் முழுதும் மருந்துண்ணும்படி செய்வன. ஆகவே இம்மருந்து பெறுவோர், மிகுந்த களைப்போ, ஓயாத வயிற்றோட்டமோ, மூச்சுத் திணறலோ கண்டால், "இரசாயன மருந்தின் வழக்கமான தொல்லைதானே" என்றிராது, உடனே வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

விலையும் ஒரு தடை. மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஏறக்குறைய ஓராண்டு ஏற்றவேண்டிய இம்மருந்து, நம்மிற் பெரும்பாலோரின் கைக்கு எட்டாத விலையுடையது. இதனைக் கருதியே, புதுதில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான நிறுவகத்து வைத்தியர்கள், வழக்கமான 200 மில்லிகிராமுக்குப் பதில் 50 மில்லிகிராமை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்து ஆராய்ந்து, அச்சிறு அளவும் பயன் தருகின்றதென 2025இல் அறிவித்தனர். ஏழை நாடுகளுக்கு வழிகாட்டும் முயற்சி இது.

வைத்தியசாலை தூரத்தில் இருக்கின்றது என்னும் சாட்டும் நமக்கு இல்லை. 2011இல் நாட்டின் தென்முனையாகிய தெவிநுவரையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை அன்பர்கள் நடந்து நிதி திரட்டினர். அந்நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. காங்கேசன்துறையிலிருந்து அது கூப்பிடு தூரம். தென்னிலங்கைச் சிங்கள மக்களும் நம்மவரும் கால் நோவ நடந்து கட்டிய அந்த வாசலுக்கு, அயலிலுள்ள நாம் காலந்தாழ்த்திச் செல்லல் தகுமோ?

இனி நம் வீடுகளிற் செய்யவேண்டியது ஒன்று. 1990இல் இப்பகுதி மக்கள் ஊரைவிட்டு எழுந்தனர். ஒரு வயிற்றிற் பிறந்தோர் வன்னியிலும், கொழும்பிலும், சென்னையிலும், லண்டனிலும், ரொறன்ரோவிலும் சிதறினர். யார் எந்நோயால் எவ்வயதில் இறந்தார் என்னும் குடும்ப நினைவும் அவ்வாறே சிதறிப்போயிற்று. பரம்பரை நோயை வைத்தியர் ஐயுறுவதற்கு அந்நினைவே முதற் சான்று. காணி உறுதியையும் சாதகத்தையும் இடப்பெயர்விலும் கைவிடாது காத்தவர்கள் நாம். ஒரு தாளில் மூன்று தலைமுறையின் வம்ச வரிசையை வரைந்து, மார்பகம், சூலகம் ஆகிய இடங்களிற் புற்றுநோய் கண்டவர் யார், எவ்வயதில் என்று எழுதி வைத்தல் நமக்கு அரிதாமோ? வெளிநாட்டில் உள்ள அக்காவின் மகள் தனக்கு இப்பழுது உண்டென்று அறிந்து தொலைபேசியிற் சொன்னால், அதைக் கேட்டு மௌனம் சாதிப்பது இங்குள்ள சகோதரிகளுக்கு இழைக்கும் தீங்காகும்.

"இப்படி எழுதி வைத்தால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வருமோ?" என்று தாய்மார் கேட்பர். இக்கேள்வியை இகழ்தற்கு நமக்கு மனமில்லை. அதன் பின்னே நிற்பது பிள்ளைப் பாசம். ஆயினும் அப்பாசத்தையே சாட்சியாக வைத்து ஒன்று கேட்கின்றோம். பழுது உண்டென்று அறிந்த மகள், இளவயதிலேயே ஆண்டுதோறும் பரிசோதித்துக் கட்டியைக் கடுகளவிற் கண்டு பிழைக்கலாம். அறியாத மகள், மாங்கொட்டை அளவிற் கண்டு வருந்துவாள். கலியாணத்தின்பொருட்டு மறைத்த உண்மை, கலியாணமான மகளைக் கைக்குழந்தையோடு நோய்ப்படுக்கையில் வீழ்த்துமாயின், நாம் காத்தது எதனை? இப்பழுது எவருடைய பாவத்தின் பயனுமன்று. ஏடு பெயர்த்தெழுதுகையில் விடுபட்ட இரண்டெழுத்து. அதற்காக நாணுதற்கு என்ன இருக்கின்றது?

மருந்து என்பது நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்னும் நால்வகை உறுப்புடையது என்று வள்ளுவர் வகுத்தார். குலவழி நோயில், உடனிருந்து உதவும் குடும்பத்தார்க்கு மற்றுமொரு கடமை கூடுகின்றது. தாம் அறிந்ததை வாய்திறந்து சொல்லுதலே அது.

ஆகவே, மார்பிற் கட்டியோ, தோலிற் சுருக்கமோ, காம்பில் இரத்தக் கசிவோ கண்டவர்கள் அவ்வாரத்திலேயே வைத்தியரைக் காண்க. ஊசியாற் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பதற்கு அஞ்சற்க. அதனால் நோய் பரவும் என்பது வீண் அச்சம். புற்று என்று துணியப்பட்டால், கத்திக்கு நாட் குறிக்குமுன் மூன்று வினாக்களை வைத்தியரிடம் பணிவோடு கேட்க: "இது எந்த வகை? எனக்குப் பரம்பரையலகுப் பரிசோதனை வேண்டுமா? சத்திரசிகிச்சைக்கு முன் மருந்து கொடுத்தல் எனக்கு ஏற்றதா?" கேட்கும்போது, வம்ச வரிசை எழுதிய அந்தத் தாளையும் கையிற் கொண்டு செல்க.